ரெண்டு விரல் இடம்

திருநெல்வேலி டவுன்
14.7.2024

தம்பி குற்றாலலிங்கத்துக்கு அக்கா இசக்கித்தாய் எழுதுவது.

நான் சுகம். முழங்கால் மட்டும் மழைக்கு முந்தி ரேடியோக்காரன் மாதிரி சேதி வாசிக்கிறது. நீ சுகமா, உன் வீட்டுக்காரி கோமு சுகமா, மகள் சுகன்யா சுகமா, உன் தொப்பை சுகமா?

போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் கடிதம். திசையன்விளையில் வீடு வீடாகத் தபால் கொடுக்கிறவன், தனக்கு வந்த தபாலை மட்டும் திருப்பி அனுப்புவானா? மாட்டிக்கிட்டியாலே!

தசரா வருகிறது. போன வருசம் உங்க அத்தான் போன துக்கத்தில் நானே ஒதுங்கியிருந்தேன். இப்போ வருசம் திரும்பி எவ்வளவோ நாள் ஆச்சு. இந்தத் தடவை குலசை அம்மன் கோயிலுக்கு நீ கட்டுகிற ராஜா வேசத்தைப் பழையபடி நான்தான் மாட்டி விடுவேன். உனக்கென்ன, பவுடர் அப்பி மீசை வரைந்தால் ராஜா. மார்க்கவசத்தையும் தோள்கவசத்தையும் முழங்கால் தகட்டையும் உன் உடம்பிலே நிற்க வைக்கிறவள் நானல்லவா? பிளாஸ்டிக்குக்கு வெட்கம் கிடையாது. எந்தச் சபையிலும் கழன்று விழும்.

உன் பழைய கவசம் நான் வேலை பார்க்கிற பீர் முகம்மது பாய் கடையில்தான் கிடக்கிறது. வாடகைக்கு வேசச் சாமான் கொடுக்கிற கடையிலே இதை மட்டும் யாருக்கும் கொடுக்க விடாமல் வைத்திருக்கிறேன். விலாவில் விரிசல் விட்டிருந்தது. ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டு, செருப்பு ரப்பரை வட்டமாக வெட்டி உள்ளே கொடுத்து ரிவெட் அடித்துவிட்டேன். எலாஸ்டிக்கெல்லாம் உங்க அத்தான் வயிறு மாதிரித் தொங்கியது. அதையும் மாற்றியாச்சு.

மார்பு அளவு எழுது. நெஞ்சை விரைத்துக்கொண்டு அளக்காதே. பட்டைக்கும் முதுகுக்கும் நடுவே ரெண்டு விரல் நுழையணும், நான் சொல்லிச் சொல்லி உனக்கே மனப்பாடம். ரெண்டு விரல் இடம் இருந்தால் ராஜா சூரனை வதைக்கப் போவான். இல்லாவிட்டால் பெரியாஸ்பத்திரிக்குப் போவான்.

பதில் போடு. போடாவிட்டால் அடுத்த கடிதத்தை ஸ்டாம்பு ஒட்டாமல் போடுவேன். காசு கட்டி எடு.

அக்கா இசக்கித்தாய்


திசையன்விளை
31.7.2024

மதிப்பிற்குரிய அக்காவுக்கு, குற்றாலலிங்கம் எழுதும் கடிதம்.

இங்கு யாவரும் நலம். தங்கள் முழங்கால் வலிக்கு மருந்து தவறாமல் சாப்பிடவும். வேலை மிகுதியால் பதில் தாமதமாகிவிட்டது.

சுகன்யாவுக்கு இது ஐந்தாம் மாதம். போன வருடம் அவளுக்கு வயிற்றிலேயே கலைந்து போனது தங்களுக்குத் தெரியும். ஆகவே இந்தத் தடவை நல்லபடியாகப் பெற்றெடுக்க வேண்டும் என்று நேர்ந்துதான் வேஷம் கட்டுகிறேன்.

கவசம் விஷயமாக. எங்கள் குழுவினர் அனைவருக்கும் ஆன்லைனில் புதுக் கவசம் வாங்கியிருக்கிறோம். எல்லாம் ஒட்டு டேப். அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். மாட்டிவிட ஆள் தேவையில்லை. எனவே தாங்கள் இந்த வருடம் சிரமப்பட வேண்டாம்.

கோமு கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
குற்றாலலிங்கம்


திருநெல்வேலி டவுன்
4.8.2024

தம்பி லிங்கத்துக்கு அக்கா எழுதுவது. உன் கடிதம் வருகிறவரை சுகமாக இருந்தேன்.

முதலில் நல்ல சேதி. சுகன்யாவுக்கு ஐந்தாம் மாசம் என்று படித்ததும் கடையிலேயே குலவை போட்டுவிட்டேன். பாய் பாம்பு வந்துவிட்டதென்று ஸ்டூல்மேல் ஏறி நின்றார். பிள்ளைக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

இனி கெட்ட சேதி. ஒட்டு டேப்பாம்! எவன்லே உனக்குச் சொன்னான்? வியர்வை பட்டால் அது ஊறும், மணல் பட்டால் அதற்குப் பல்லெல்லாம் போகும். குலசைக் கடற்கரையில் மணல் இல்லாமல் மெத்தையா விரித்திருக்கிறார்கள்? சூரனைப் பார்த்து நீ வாளைத் தூக்குவாய், நெஞ்சுக்கவசம் டர்ரென்று பிரியும், உள்ளே பனியனும் தொப்பையும் தெரியும். சூரன் சிரித்தே செத்துப் போவான். அம்மனுக்கு வேலையில்லாமல் போய்விடும்.

அதுவும் போகட்டும். பேச்சு வந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்று கூப்பிட்டவன் இப்போ 'தாங்கள்' என்று எழுதியிருக்கிறாய். வக்கீல் நோட்டீஸ் வந்த மாதிரி ரெண்டு தடவை புரட்டிப் பார்த்தேன். உடம்பைப் பார்க்கச் சொல்கிறாய், மருந்து சாப்பிடச் சொல்கிறாய், வா என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாய். என்னலே விசயம்? நேரே சொல்லு.

அளவு வரவில்லை. போன தடவை அளவையே வைத்துக்கொள்கிறேன், ரெண்டு அங்குலம் கூட்டி.

அக்கா


திசையன்விளை
2.9.2024

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். தாங்களும் நலமாக இருக்க அம்மன் துணை.

தாங்கள் கேட்டதற்கு எழுத ஒன்றுமில்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிற உலகம். அனுசரித்துத்தான் போக வேண்டியிருக்கிறது. இந்த வருடம் ஒன்று போகட்டும். தசரா முடிகிறவரை இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே மழையே இல்லை. பனையெல்லாம் காய்கிறது.

இப்படிக்கு,
குற்றாலலிங்கம்


திருநெல்வேலி டவுன்
14.9.2024

ஏலே லிங்கம்,

சுகம் கேட்கவில்லை. இருப்பாய்.

உங்கள் குழுவில் வருசா வருசம் குரங்கு வேசம் கட்டுகிற வாத்தியார் நேற்றுக் கடைக்கு வந்தார். அவர் வாலை எலி கடித்துவிட்டதாம். புது வால் எடுத்துக் கொடுத்துக்கொண்டே சும்மா கேட்டேன்.

"ஏன் அண்ணாச்சி, உங்களுக்கெல்லாம் இந்த வருசம் ஒட்டு டேப்பு கவசமாமே?"

"ஒட்டு டேப்பா? யாரு சொன்னா? அதே பக்கிள், அதே பட்டைதான். எல்லாருக்கும் ஆள் வச்சு மாட்டணும். போஸ்ட்மேனுக்கு மட்டும் அவுக வீட்டம்மா தன் சித்தியை வரச் சொல்லியிருக்காவ. சுமங்கலி கைதான் மாட்டணும்னு..."

அப்போதுதான் அவருக்கு நான் யாரென்று ஞாபகம் வந்தது. வாலைப் பிடித்தபடி நின்றார். பாவம், அந்த முகத்துக்கு வேசமே வேண்டாம்.

போகிற போக்கில் ஆறுதல் சொல்லுகிறேன் என்று இன்னொன்றையும் சொன்னார். "வளைகாப்பு அன்னிக்கு உங்களைக் காணலியேன்னு அப்பவே நினைச்சேன் தாயி." சுகன்யாவுக்கு வளைகாப்பு முடிந்துவிட்டது. அதையும் குரங்கு வந்துதான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாலி அறுத்தவள் கை. இதுதானே? இதை எழுத உனக்குத் தமிழ் வரவில்லை. ஒட்டு டேப்பு என்று எழுதத் தெரிந்தது, அனுசரித்து என்று எழுதத் தெரிந்தது. நீ பத்தாவது பாஸ், நான் அஞ்சாவதோடு நின்றவள். நான் ஒரே வரியில் எழுதிவிட்டேன் பார்.

உங்க அத்தான் மாரடைத்துப் போனார். நானா கழுத்தைப் பிடித்தேன்? அவர் போன மறுநாளும் இந்த ரெண்டு கையிலும் பத்து விரல்தான் இருந்தது. இன்றைக்கும் எண்ணிப் பார்த்தேன், பத்துதான்.

வாத்தியார் போனபிறகு ரிவெட் அடித்த அடியில் ரெண்டு தோள்கவசம் உடைந்தது. பாய் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன் தாயி, பிளாஸ்டிக் என்ன பாவம் பண்ணுச்சு?"

"பிளாஸ்டிக் இல்லை பாய். என் தம்பி மண்டை."

"அப்ப சரி. ஆனா அது உள்ளே ஒண்ணும் இல்லாத மண்டை, பைய அடி" என்றுவிட்டுப் போனார்.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினாலும் 'தாங்கள்' என்றுதான் தொடங்குவாய்.

இசக்கித்தாய்


திசையன்விளை
22.9.2024

மைனிக்கு கோமு எழுதுறது. நீங்க சுகமா இருப்பீங்கன்னு எழுதக்கூட எனக்குக் கூச்சமா இருக்கு.

இவுக உங்க கடிதத்தை எனக்குக் காட்டலை. காக்கி பேன்ட்டைத் துவைக்கப் போட்டப்போ பையிலே கிடைச்சுது. பாதி நனைஞ்சு போச்சு. மீதியே போதும்னு ஆயிட்டு.

இவுகளைத் திட்டாதீங்க மைனி. சொன்னது நான்தான். உங்க பேர்ல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. போன வருசம் சுகன்யா வயிறு கலைஞ்சுதே, அதுக்கு முந்தின வாரம்தான் துக்கம் கழிஞ்சு நீங்க வந்து அவளுக்குத் தலை பின்னி விட்டீங்க. அதையும் இதையும் நான் முடிச்சுப் போடலை. மனசு போடுது. நான் அவிழ்க்க அவிழ்க்கப் போடுது.

இந்த நேர்த்தி அவளுக்காகத்தான். அதனாலே ஒரு குறையும் வந்துரக்கூடாதுன்னு பார்க்கேன். நீங்க பெத்திருந்தா உங்களுக்கும் தெரியும்னு எழுதிட்டேன், எழுதினதை அடிச்சிட்டேன். அடிச்சது தெரியுதான்னு தெரியலை. மன்னிச்சிருங்க.

பிள்ளை பிறக்கட்டும். அப்புறம் வாங்க.

கோமு


திருநெல்வேலி டவுன்
26.9.2024

கோமுவுக்கு மைனி எழுதுவது.

அடித்தது நன்றாகத் தெரிகிறது. வெளிச்சத்தில் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரிகிறது. இருந்தாலும் உனக்கு உன் புருசனைவிடத் தைரியம் அதிகம், ஒட்டு டேப்பு ஒட்டாமல் எழுதியிருக்கிறாய்.

உன் பயத்தை நான் குறை சொல்லவில்லை. பயம் நீ வளர்க்கிற நாய். கட்டிப் போட்டு வளர்த்துக்கொள். அதைக் கொண்டுவந்து என் கையில் கட்டாதே.

ஒன்று கேட்கிறேன். உன் கல்யாணத்திலே லிங்கம் ஒரு முடிச்சுதான் போட்டான். மிச்சம் ரெண்டு முடிச்சும் நாத்தனார் முடிச்சு, நான் போட்டது. இறுக்கமாக இருக்கிறதா என்று பிடரியில் ரெண்டு விரல் விட்டுப் பார்த்தேன், நீ கூச்சத்தில் நெளிந்தாய், பந்தலே சிரித்தது. என் கை கெட்ட கை என்றால் அந்த ரெண்டு முடிச்சையும் என்ன செய்யப் போகிறாய்?

இசக்கித்தாய் உன் வாசலுக்கு வரமாட்டாள். பயப்படாமல் இரு.

இங்கே கடையில் நெருக்கடி. லிங்கத்தின் பழைய கவசத்தை ஒரு பொம்பளைக்காக மாற்றிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு மாட்டிவிட ஆள் கிடையாது. அதனால் முதுகிலே இருந்த பக்கிளையெல்லாம் விலாவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தானே பூட்டி, தானே அவிழ்த்துக்கொள்ளலாம். பிடரியில் தோள் ரெண்டையும் இழுத்துப் பிடிக்கிற கொக்கி ஒன்றுதான் எந்தப் பக்கமும் நகர மாட்டேன் என்கிறது.

சுகன்யாவை இரும்புச்சத்து மாத்திரை விழுங்கச் சொல். தசராவில் யார் வேசம் கட்டி வாசலுக்கு வந்தாலும் வெறுங்கையோடு அனுப்பாதே. அம்மன் எந்த உருவத்தில் வருவாள் என்று யாருக்குத் தெரியும்?

மைனி


திசையன்விளை
15.10.2024

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ செய்தது நியாயமா?

போன செவ்வாய்க்கிழமை காலையில் டவுன் குழு வருகிறதென்று மேளம் கேட்டது. போலீஸ் வேஷம், கரடி வேஷம், நடுவில் அம்மன். செக்கச் சிவந்த முகம், தங்கக் கவசம், கையில் சூலம். சத்தியமாக எனக்கு அடையாளம் தெரியவில்லை. கோமு ஓடிப்போய் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து காலைக் கழுவினாள். சுளகு நிறைய அரிசி போட்டாள். முந்தானையை ஏந்தி "தாயே, என் பிள்ளையைக் காப்பாத்து" என்று அழுதாள். நீ குங்குமம் எடுத்து அவள் நெற்றியில் வைத்தாய். அவளே சுகன்யாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். சுகன்யா நெற்றியில் வைத்தாய், வயிற்றிலும் தொட்டு வைத்தாய். நானும் விழுந்தேன். தீபாவளிக்குக்கூட உன் காலில் விழாதவன், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

நீ திரும்பும்போது பிடரிக் கொக்கி விட்டுப் போனது. ரெண்டு தோள்கவசமும் முன்னால் சரிந்தன. கோமுதான் ஓடிவந்து பின்னால் நின்று மாட்டினாள். அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய்.

"பைய மாட்டு தாயி. ரெண்டு விரல் இடம் விடு."

கோமு கை அப்படியே நின்றுவிட்டது. மேளக்காரன்கூட அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அவள் உன்னை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கொக்கியை மாட்டினாள். ரெண்டு விரல் விட்டுத்தான் மாட்டினாள்.

அதற்குப்பிறகு அவள் அந்தக் குங்குமத்தை அழிக்கவும் இல்லை, கண்ணாடியில் பார்க்கவும் இல்லை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு அக்கா. அம்மன் வேஷத்தை வைத்து எங்களைப் பழிவாங்க உனக்கு எப்படி மனசு வந்தது? வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் வாசலில் வைத்தே கேட்டிருப்பேன்.

லிங்கம்


திருநெல்வேலி டவுன்
19.10.2024

தம்பி லிங்கத்துக்கு அக்கா எழுதுவது. நான் சுகம். காப்பு அவிழ்த்தாச்சு, கறி சாப்பிட்டாச்சு. நீங்கள் அனைவரும் சுகமா?

கடைசியில் 'நீ' என்று எழுதிவிட்டாய். அதற்கே இன்னொரு தடவை வேசம் கட்டலாம்.

பழிவாங்கவாம்! மாலை போட்டு, ஒரு நேரம் சாப்பிட்டு, தரையில் துண்டு விரித்துப் படுத்து, இந்த முழங்காலோடு ஊர் ஊராக நடந்தது உன் வீட்டு அரிசிக்கா? நான் நேர்ந்தது சுகன்யாவுக்கு. நீ நேர்ந்த அதே நேர்த்தி. அவள் உனக்கு மட்டும்தான் பிள்ளையா? நீ என் காலில் விழுந்தது நான் நேராமலே கிடைத்தது. வந்ததை வேண்டாம் என்பேனா?

விரதம் பொய்யில்லை. வேசமும் பொய்யில்லை. ஒட்டு டேப்புதான் பொய்.

கொக்கியை நானே கழற்றிவிட்டேன் என்று நினைப்பாய். இல்லை. காலையில் பாய் வீட்டு கமர் நிஷா மாட்டி விட்டது. அவளுக்கு எல்லாமே அவசரம், வளையம் முழுசாக விழவில்லை. பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிடரியில் ஒரு கை வந்து இறுக்கியதும் வாய் தன்னாலே சொல்லிவிட்டது. இத்தனை வருசம் உனக்குச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய்.

கேளு. ஒரே குங்குமம், ஒரே விரல். முகத்தில் சிவப்பு இருந்தபோது அந்த விரலுக்குக் கோமு முந்தானை ஏந்தினாள். சிவப்பைக் கழுவினால் அதே விரல் ஆகாதோ? அப்படியானால் நீங்கள் கும்பிட்டது அம்மனையா, அரை கிலோ சாயத்தையா?

கோமுவிடம் சொல். அவள் கை என் பிடரியில் பட்டது. என் கை அவள் நெற்றியில் பட்டது. சுகன்யா வயிற்றிலும் பட்டது. யாரும் சாகலை.

அக்கா


திசையன்விளை
5.12.2024

மைனிக்கு கோமு எழுதுறது. இங்கன எல்லாரும் சுகம். உங்க முழங்கால் எப்படி இருக்கு?

சுகன்யாவுக்குப் பொம்பளைப் பிள்ளை பிறந்திருக்கு. சுகப்பிரசவம். பிள்ளை நல்ல நிறை. அழுதா தெருவே திரும்பிப் பார்க்கு. இவுக, "அக்கா குரல்"னு சொல்லுதாக.

உடனே எழுதலை. எழுத உக்காந்தேன், எந்திரிச்சேன். இவ்வளவு நாளும் அதுதான் நடந்துது.

பிள்ளைக்கு அரைஞாண் கயிறு கட்டணும். வீட்டுலே மூத்த பொம்பளை கட்டணும். சுகன்யா, "அத்தைதான் கட்டணும், அவுகதான் வயித்துல குங்குமம் வச்சாவ"ன்னு ஒத்தைக் காலிலே நிக்கா. நானும் வேண்டாம்னு சொல்லலை.

பொய் எழுதமாட்டேன் மைனி. பயம் முழுசாப் போகலை. கை உங்க பிடரியிலே நின்னப்போ எப்படி இருந்துதோ அப்படியேதான் இருக்கு. இருந்தும் மாட்டினேன்லா? அது மாதிரி இதுவும்னு நினைச்சுக்கிடுதேன்.

பதினஞ்சாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நாள் நல்லா இருக்கு. வாங்க.

கோமு


திருநெல்வேலி டவுன்
9.12.2024

கோமுவுக்கு மைனி எழுதுவது. நான் சுகம். பிள்ளை, பிள்ளை பெற்றவள், பிள்ளை பெற்றவளைப் பெற்றவள், எல்லாரும் சுகமாக இருக்கணும்.

கடிதம் வந்ததும் குலவை போட்டேன். பாய் இந்தத் தடவை ஸ்டூல்மேல் ஏறவில்லை. கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

கறுப்புக் கயிறு வாங்கி வைத்துவிட்டேன். நான் வருவதற்குள் யாரும் அவசரப்பட்டு இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். வளருகிற உடம்பு, ரெண்டு விரல் இடம் வேண்டும்.

ஒரே ஒரு சந்தேகம். 'வேண்டாம்னு சொல்லலை' என்று எழுதியிருக்கிறாய். அதற்கும் கடைசியில் எழுதின 'வாங்க'வுக்கும் நடுவே எத்தனை விரல் இடம் என்று அளந்து பார்த்தேன், தெரியவில்லை. கவசம் கடையில்தான் இருக்கிறது. முகத்துக்குச் சிவப்பும் மிச்சம் இருக்கிறது. அதனால் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மனாக வரணுமா, இசக்கித்தாயாக வந்தால் போதுமா?

வாசலில் நின்று கேட்க மாட்டேன். முன்கூட்டியே எழுதிவிடு.

மைனி